பியூரெட்டில் 4.1

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. செவ்வாய்க்கிழமை மதியம், பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்காக மூன்று லிட்டர் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் செய்தேன்.

2. தப்பாகச் செய்தேன். அது அப்போது எனக்குத் தெரியாது.

3. புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு முதல் அணி மாணவிகள் பதினாறு பேர் லேபுக்குள் வந்தார்கள்.

4. பத்து மணி சுமாருக்கு ஒரு குடுவை கத்திரிப்பூ நிறமானது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக.

5. பதினைந்து பேர் தாங்கள் பார்க்காத ஒரு எண்ணை எழுதினார்கள். ஒருத்தி மட்டும் பார்த்த எண்ணை எழுதினாள்.

6. பத்து பன்னிரண்டுக்கு எனக்கு விஷயம் விளங்கியது.

7. பத்து இருபத்து மூன்றுக்கு நான் வாயைத் திறந்தேன்.

ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவில் பதினொரு நிமிடம் இருக்கிறது. லேபில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன், அதனால் கணக்கு சரியாகத் தெரியும். மற்ற ஆறையும் யாரிடமும் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கரைசல் தப்பாவது எல்லா லேபிலும் நடப்பதுதான். அந்தப் பதினொரு நிமிடத்தைத்தான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பள்ளி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. பெண்கள் மேல்நிலைப் பள்ளி. வேதியியல் ஆசிரியை பேறுகால விடுப்பில் போனதும், பெற்றோர் ஆசிரியர் கழகம் என்னைத் தற்காலிகமாக எடுத்தது. நான் எம்.எஸ்சி. வேதியியல். அதற்கு முன்பு இரண்டு வருடம் ஓசூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் இருந்தேன். பள்ளியில் சேர்ந்து மூன்று வாரத்தில் செய்முறைத் தேர்வு வந்துவிட்டது. உள்தேர்வாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவது தலைமையாசிரியை. கரைசல் செய்வதும் லேபில் நிற்பதும் நான். மாணவிகளுக்குப் பயிற்சியெல்லாம் விடுப்பில் போன டீச்சரே ஜனவரியில் கொடுத்து முடித்திருந்தார்.

எனக்குப் பட்டியல் இல்லாமல் வேலை ஓடாது. அந்தத் தேர்வுக்கு இருபத்து மூன்று வரிப் பட்டியல் வைத்திருந்தேன். பியூரெட் ஸ்டாண்டுக்கு எண் ஒட்டுவது முதல் கை துடைக்கத் துணி வைப்பது வரை எல்லாம் அதில் இருந்தது. ‘கரைசலை ஒருமுறை சோதித்துப் பார்’ என்ற வரி மட்டும் இல்லை. மறந்துபோனதல்ல. தேவைப்படும் என்று தோன்றவில்லை.

லேப் பீரோவின் கதவுக்கு உள்பக்கம் ஒரு பழைய அட்டை ஒட்டியிருந்தது. முன்பு இருந்து ஓய்வு பெற்ற லேப் உதவியாளர் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது. உப்பின் பெயர், பக்கத்தில் 0.1, அதற்குப் பக்கத்தில் எத்தனை கிராம் என்று ஒரு எண். பெர்மாங்கனேட்டுக்கு நேரே 3.16 என்றிருந்தது. எத்தனை மில்லிக்கு என்று எழுதவில்லை.

நான் கணக்குப் போட்டேன். பெர்மாங்கனேட் ஒரு மோல் என்றால் 158 கிராம். 0.1 மோல் 15.8 கிராம். அது ஒரு லிட்டருக்கு. அப்படியானால் அட்டையில் உள்ள 3.16? பதினைந்து புள்ளி எட்டை ஐந்தால் வகுத்தால் சரியாக 3.16. ஒரு லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருநூறு மில்லி. அவர் இருநூறு மில்லிக்கு எழுதி வைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். எண் அவ்வளவு துல்லியமாகப் பொருந்தியதால் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று நினைத்தேன்.

அந்த 0.1 மோல் கணக்கில் எழுதியதல்ல. எத்தனை மோல் என்று பார்க்காமல், ஒவ்வொரு மோலும் வினையில் எவ்வளவு வேலை செய்யும் என்று பார்க்கும் நார்மாலிட்டி கணக்கு. கம்பெனியில் நான் இருந்த பிரிவில் எல்லாமே மோல்தான். பள்ளிக்கூடத்தில் இன்னும் நார்மாலிட்டிதான். இரண்டுக்கும் பெர்மாங்கனேட்டைப் பொறுத்தவரை வித்தியாசம் ஐந்து மடங்கு. அவருடைய 3.16 முழு லிட்டருக்கு.

மூன்று லிட்டருக்கு 47.4 கிராம் எடுத்துப் போட்டேன். படிகம் கரைய நேரமாயிற்று. பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது கண்ணுக்குத் தெரியும்படி இறங்கிப் போயிற்று. கலக்கிக்கொண்டிருந்தபோது ஒரு கணம், இவ்வளவு வேண்டுமா என்று தோன்றியது. பட்டியலைப் பார்த்தேன். அடுத்த வரி, ஸ்டாண்டுகளுக்கு எண் ஒட்டு. ஒட்டப் போனேன்.

பெர்மாங்கனேட்டின் நிறத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சரியான கரைசலும் இருட்டு ஊதா, ஐந்து மடங்குக் கரைசலும் இருட்டு ஊதா.

மோல் என்ற சொல்லுக்கும் எனக்கும் உள்ள உறவை இங்கே சொல்லியாக வேண்டும்.

பிளஸ் ஒன்னில் அதை முதலில் கேட்டபோது மனப்பாடம் செய்தேன். ஆறு புள்ளி பூஜ்யம் இரண்டு இரண்டு பெருக்கல் பத்தின் அடுக்கு இருபத்து மூன்று. ஒருநாள் எங்கள் சார் என்னை எழுப்பி, “ஒரு மோல் தண்ணி எவ்வளவு?” என்று கேட்டார். எண்ணைச் சொன்னேன். “அது எத்தனைன்னு. நான் எவ்வளவுன்னு கேட்டேன். குடிச்சா தாகம் அடங்குமா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு கிராம், ஒரு மடக்குக்கு மேல் வராது. அதைச் சொல்லத் தெரியாமல் பீரியட் முடியும்வரை நின்றேன். அன்றிலிருந்து மோல் என்று பேச்சு வந்தாலே முதுகில் வியர்க்கும்.

சமன்பாடுகளும் அப்படித்தான். சின்னச் சமன்பாடுகளைக் கூட்டிக் கழித்துச் சமன் செய்துவிடுவேன். பெர்மாங்கனேட்டும் இரும்பு சல்பேட்டும் கந்தக அமிலமும் சேரும் அந்தப் பெரிய சமன்பாடு மட்டும் என்றைக்கும் வசப்படவில்லை. போர்டில் ஆக்சிஜனை எண்ணினால் இரும்பு கூடிவிடும், இரும்பைச் சரி செய்தால் கந்தகம் குறைந்துவிடும். அதனால் முன்னால் போட வேண்டிய எண்களை மட்டும் செல் நம்பர் போல மனப்பாடம் செய்தேன். இரண்டு, பத்து, எட்டு. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடுவரை அதைச் சொல்லிக்கொண்டே நடப்பேன். பரீட்சையில் எழுதினேன். முழு மதிப்பெண்.

செய்முறைத் தேர்விலும் முழு மதிப்பெண். எப்படி வாங்கினேன் என்பதையும் சொல்கிறேன். டியூஷனில் ஒரு வழக்கம் உண்டு. டைட்ரேஷனில், அதாவது சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனையில், எந்த ரீடிங் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். “முதல் டைட்ரேஷன் இருபது வரும். இருபதுன்னே எழுதிராத, டவுட் வந்துரும். இருபது புள்ளி ஒண்ணு எழுது, இல்லாட்டி பத்தொம்பது புள்ளி ஒம்போது.” தேர்வு நாளில் என் குடுவை கை தவறி ஊதாவாகிவிட்டது. திரும்பச் செய்ய நேரமில்லை. 20.1 என்று எழுதினேன். மாவட்டம் முழுவதும் எத்தனை லேபில் அன்று 20.1 எழுதப்பட்டது என்று யாருக்கும் தெரியாது.

பிறகு பட்டப்படிப்பில் இதையெல்லாம் முறையாகப் படித்தேன். கணக்குப் போடத் தெரியும். மோல் புரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை சாம்பல் புதன், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் நாள். நான்காவது மேசைக்கு வந்த மாணவி விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு அங்கிருந்தே பஸ் ஏறி வந்திருந்தாள். நெற்றியில் சாம்பல் சிலுவை பாதி கலைந்திருந்தது. ஆவூர்ப் பக்கத்துப் பிள்ளை.

ஐந்தாவது மேசைக்காரி வாயாடி. வரிசையில் நிற்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். “ஏடி, நீயும் எங்களாட்டம் துன்னூறு பூசிக்கிட்டு வந்துட்டியா? சாமிக்குச் சாமி சிபாரிசா?”

“போடி. ஒனக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டு வந்தேன்.”

“எனக்கு வேணாம். எனக்கு இருபது புள்ளி ஒண்ணு இருக்கு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதில் இருந்த ஆபத்து அப்போது எனக்குத் தெரியவில்லை.

நான்காவது மேசைக்காரியைப் பற்றி எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. இரண்டு நாள் முன்பு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வந்தபோது, நர்ஸிங் சேர வேண்டும் என்று சொன்னாள். “கட்-ஆஃப் வரணும் மிஸ். வரலைன்னா அக்காகூட மில்லு வேன்ல ஏத்திவிட்ருவாங்க. அக்கா பக்கத்துல எனக்கும் சீட்டுப் போட்டு வச்சிருக்கா.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நூற்பாலை வேன் அவர்கள் ஊருக்குக் காலை ஐந்தரைக்கு வருமாம். இவள் படிக்க எழுந்திருப்பது அந்த ஹாரன் சத்தத்தில்தான்.

வெளித்தேர்வாளர் அறந்தாங்கிப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அதிகம் பேசவில்லை. சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு பாட்டில் எண் கொடுத்துவிட்டு, வாசல் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்த ஆரம்பித்தார்.

அவர்கள் செய்ய வேண்டியது இதுதான். பியூரெட்டில், அதாவது அளவுக் கோடு போட்டு அடியில் குழாய் வைத்த நீளக் கண்ணாடியில், பெர்மாங்கனேட். குடுவையில் இருபது மில்லி இரும்பு உப்புக் கரைசல், கொஞ்சம் அமிலம். மேலிருந்து விட விட, குடுவையில் இரும்பு இருக்கும்வரை ஊதா மறைந்துகொண்டே இருக்கும். இரும்பு தீர்ந்த பிறகு விழும் சொட்டு மறையாது, இளஞ்சிவப்பு நிற்கும். அங்கே குழாயை அடைத்துவிட்டு எண்ணைப் படிக்க வேண்டும். முதல் தடவை அளவு தெரிந்த இரும்புக் கரைசல். அடுத்தது அளவு தெரியாத கரைசல். இரண்டு எண்ணையும் ஒப்பிட்டால் தெரியாதது தெரிந்துவிடும்.

ஜனவரிப் பயிற்சியில் பதினாறு பேருக்கும் கை ஒரு பழக்கத்துக்கு வந்திருந்தது. பதினெட்டு வரை வேகமாக விடுவது, அப்புறம் சொட்டுச் சொட்டாக. அன்றும் அப்படியே குழாயைத் திறந்தார்கள். ஆறு மில்லி போவதற்குள் குடுவைகள் ஊதாவாகிவிட்டன. நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். முதல் குடுவையைப் பார்த்தபோது பதற்றத்தில் அதிகம் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். மூன்றாவதைப் பார்த்தபோது ஜன்னலை விட்டு நகர்ந்தேன். ஏழு எட்டுக் குடுவைகள் ஒரே நிறத்தில் நின்றபோது எதுவோ கெட்டுவிட்டது என்று தெரிந்தது. எது என்று தெரியவில்லை.

யாரும் கை தூக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஒவ்வொருத்தியும் தான் மட்டும் கெடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். குடுவையைச் சத்தமில்லாமல் தொட்டியில் கொட்டி, கழுவி, தாளில் எழுதினார்கள். ஐந்தாவது மேசையைக் கடந்தேன். 20.1, 20.1. பியூரெட்டில் ஏழுக்குக் கீழே கரைசல் இறங்கவே இல்லை.

நான்காவது மேசைக்கு வந்தேன்.

அவள் பழக்கப்படி வேகமாக விடவில்லை. முதல் தடவை ஊதாவானதும் கொட்டிவிட்டு, அடுத்த தடவை ஆரம்பத்திலிருந்தே சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறாள். குடுவையில் மிக இளம் சிவப்பு நின்றது. தாளில் 4.1. அதற்குக் கீழே இன்னொரு 4.1.

இருபது வர வேண்டிய இடத்தில் நான்கு. இருபதை நான்கால் வகுத்தால் ஐந்து.

இரண்டு, பத்து, எட்டு என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து சொல்லிக்கொண்டு நடந்தேனே, அந்த இரண்டும் பத்தும் அப்போதுதான் எனக்குக் கேட்டன. இரண்டு மோல் பெர்மாங்கனேட் பத்து மோல் இரும்பைத் தின்னும். ஒன்று ஐந்தைத் தின்னும். எடை எப்படி இருந்தாலும் எண்ணிக்கை ஒன்றுக்கு ஐந்து. அட்டையில் இருந்த 3.16 அந்த ஐந்தால் வகுத்து வந்த 3.16. மோல் என்றால் எண்ணிக்கை என்று பிளஸ் ஒன்னில் நான் மனப்பாடம் செய்தது ஒரு குடுவையின் அடியில் இளஞ்சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. விளங்கியதும் சந்தோஷப்பட வேண்டும் என்பார்கள். எனக்கு வரவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உதட்டை அசைக்காமல் கேட்டாள். “மிஸ், எனக்கு மட்டும் நாலுதான் வருது. தப்பா?”

அங்கே நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை. அது இல்லாமல் வேறு சொன்னேன்.

“பேசாம செய்யி.”

தேர்வு நேரத்தில் மாணவியிடம் பேசக் கூடாது என்பது விதி. விதி அன்று எனக்கு வசதியாக இருந்தது. நகர்ந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடிகாரத்தில் பத்து பன்னிரண்டு.

அந்த நேரத்திலும் என் மண்டை பட்டியல்தான் போட்டது. சொன்னால் வேலை போகும். சொன்னால் தேர்வையே நிறுத்துவார்கள். சொன்னால் பதினைந்து பேர் பொய் எழுதியதும் சேர்ந்தே வெளியே வரும். அவர்கள் தாளுக்கு என்ன ஆகும் என்று தெரியாது. சொல்லாவிட்டால், அந்தப் பதினைந்து பேருக்கும் இரண்டாவது கரைசலின் விடை ஊகத்தில் வராது, மதிப்பெண் குறையும், ஆனால் சுழியாகாது. நான்காவது மேசைக்காரிக்கு விடை சரியாகவே வரும். கரைசல் எத்தனை மடங்காக இருந்தாலும், பார்த்த இரண்டு எண்ணையும் எழுதியவளுக்குக் கணக்கு நேராகிவிடும். ஆகவே அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே நான் சும்மா இருக்கலாம்.

இப்படி நான் எனக்கே சமன் செய்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் சரியாக வந்துவிட்டது போலத்தான் இருந்தது.

அவள் ‘பேசாம செய்யி’ என்பதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

இடதுபக்கம் பார்த்தாள். வலதுபக்கம் பார்த்தாள். எல்லார் தாளிலும் இருபது. என்னைப் பார்த்தாள். நான் வெளியே சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தேன். மறுபடி நான் திரும்பியபோது அவள் ஸ்கேலை வைத்து, இரண்டு 4.1-இன் மேலும் நேராகக் கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். அடித்த இடத்துக்கு மேலே 20.1 என்று எழுதினாள். கையெழுத்து அழகாகவே இருந்தது.

தேர்வாளர் டீ குடித்து முடித்துவிட்டு எழுந்தார். மூன்று மேசைகளைக் கடந்து வந்தவர் அவளிடம் நின்றார். மற்ற தாள்களில் அடித்தல் இல்லை. இவள் தாளில்தான் இருந்தது.

“என்னம்மா இது? நாலை அடிச்சுட்டு இருவது போட்ருக்க.”

அவள் எழுந்து நின்றாள்.

“எங்கேருந்து வந்துச்சு இந்த இருவது?”

அவள் கையில் இருந்த ஸ்கேலைப் பார்த்தாள்.

“பக்கத்துல பாத்தியா? ரீடிங்க மாத்தி எழுதுனா என்னன்னு தெரியுமில்ல? முறைகேடுன்னு எழுத வேண்டி வரும். அப்புறம் மார்க்கே கெடையாது.” குரலை உயர்த்தவில்லை. “தாளக் குடு. வெளிய போய் நில்லு.”

ஐந்தாவது மேசைக்காரி தன் தாளின் மேல் முழங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

நான்காவது மேசைக்காரி பேனாவை மூடினாள். பென்சில், ஸ்கேல், ஹால் டிக்கெட் மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாக்ஸில் வைத்தாள். அழவில்லை. அந்த நிதானம்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. மில்லு வேனில் சீட்டுப் போட்டு வைத்திருக்கிறாள் அக்கா என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபத்து மூன்று.

“சார். நாலுதான் சரி.”

என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. அவர் திரும்பினார்.

“என்னம்மா சொல்றீங்க?”

“அந்தப் பிள்ளை மொதல்ல எழுதுனதுதான் சரி சார். கரைசல் அஞ்சு மடங்கா இருக்கு. நான் மோல் கணக்குல போட்டுட்டேன்.”

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவள் மேசையிலேயே பிப்பெட்டை எடுத்தார். இருபது மில்லி. அமிலம். குழாயைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டார். லேபில் பதினாறு பேரும் மூச்சு விடுவது கேட்டது. இளஞ்சிவப்பு நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து படித்தார்.

“நாலு புள்ளி ஒண்ணு” என்றார்.

அப்புறம் அவர் முதல் மேசைக்குப் போய்த் தாளை எடுத்தார். 20.1. கவிழ்த்து வைத்தார். இரண்டாவது மேசை. 19.9. கவிழ்த்தார். மூன்றாவது. ஐந்தாவதில், முழங்கையை எடுக்கச் சொல்லி எடுத்தார். கடைசி மேசைக்குப் போவதற்குள் இரண்டு பேர் அழ ஆரம்பித்துவிட்டார்கள். நான்காவது மேசைக்காரி மட்டும் அழவில்லை. பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, போகவா நிற்கவா என்று தெரியாமல் நின்றிருந்தாள்.

பதினைந்து தாளையும் கவிழ்த்துவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார். “என் ஸ்கூல்லயும் இதத்தான் எழுதுறாளுகன்னு நெனைக்கிறேன். இதுவரை கண்ணுல மாட்டுனதில்ல, அவ்வளவுதான். எச்.எம்.மக் கூப்பிடுங்க.”

தலைமையாசிரியையிடம் நடந்ததை வராந்தாவில் வைத்துச் சொன்னேன். அவர் அடிக்குரலில்தான் திட்டினார்.

“செஞ்சு பாத்துட்டு வைக்கணும்னு ஒனக்குத் தெரியாதா? எம்.எஸ்சி. படிச்ச புள்ளதான நீ? இத மேல சொன்னா இந்தப் பதினாறு புள்ளைகளும் என்ன ஆகும்னு யோசிச்சியா?”

“யோசிச்சேன் மேடம். அதான் லேட்டாச் சொன்னேன்.”

“லேட்டாவா? எப்பத் தெரியும் ஒனக்கு?”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. “விளக்கம் எழுதிக் குடு. மொதல்ல கரைசலப் போடு, போ.”

அவரும் தேர்வாளரும் உள்ளே பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கரைசலில் பிழை, அதனால் முதல் அணிக்கு இந்தப் பகுதி மட்டும் புதுத் தாளில் மறுபடி. மதிய அணி ஒரு மணி நேரம் தள்ளி. பழைய தாள்களை அவர் ஒரு உறையில் போட்டு ஒட்டித் தன் பையில் வைத்துக்கொண்டார். அதை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. பத்து நாள், அஞ்சல்காரர் கேட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்த உறைதான் வருகிறது என்று நினைத்தேன்.

மூன்று லிட்டருக்கு 9.48 கிராம். எடை பார்க்கும்போது அவசரத்தில் கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டது. திருத்த நேரமில்லை. இந்த முறை நானே சோதித்தேன். இருபதுக்குப் பதில் 19.3 வந்தது. இரண்டு தடவை செய்தும் 19.3. அது பிழையல்ல, கொஞ்சம் வலுவான கரைசல், அவ்வளவுதான். யாரிடமும் எண்ணைச் சொல்லவில்லை. கரைசல் புதிது, பார்ப்பதை மட்டும் எழுத வேண்டும் என்று தேர்வாளர் பதினாறு பேரிடமும் இரண்டு முறை சொன்னார்.

செய்தார்கள். நான் நடுவில் போகவில்லை. முடிந்ததும் தாள்களை அடுக்கி உறையில் போடுவது என் வேலை. அடுக்கும்போது கண் தானாக அந்தக் கட்டத்துக்குப் போயிற்று. சிலர் 19.3, 19.4, ஒருத்தி 19.2. மற்றவர்கள் 20.1. எண்ணினேன், எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. ஒன்பது தாளில் 20.1. அழுத இருவரும் அந்த ஒன்பதில் இருந்தார்கள். ஐந்தாவது மேசைக்காரி 19.3 எழுதியிருந்தாள்.

அந்த ஒன்பதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. உறையை ஒட்டிக் கொடுத்தேன்.

நான்காவது மேசைத் தாளில் 19.3, 19.3. அடித்தல் இல்லை.

மாலை அவள் லேப் வாசலில் நின்றாள். சாம்பல் முழுக்கக் கலைந்து நெற்றியில் வெறும் வியர்வை.

“மிஸ், பத்தொம்பது புள்ளி மூணு தப்பா? நெறய பேரு இருவது போட்ருக்காங்க.”

“சரிதான்.”

“காலையில நாலு புள்ளி ஒண்ணு?”

“அதுவும் சரிதான்.”

அவள் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். “நான் கேட்டப்ப ஒங்களுக்குத் தெரியுமா மிஸ்?”

“தெரியும்.”

“அப்ப ஏன் மிஸ் சொல்லல?”

விளக்கக் கடிதத்தில் நான் எழுதியிருந்த காரணங்கள் நான்கு. அவற்றில் ஒன்றையும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

“பயந்துட்டேன்.”

“நீங்களா?” என்றாள். நம்பாதவள் போலப் பார்த்தாள். பிறகு, “பஸ்ஸு போயிரும், வாரேன் மிஸ்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போதைய நிலை இது. பிளஸ் டூ முடிவு இன்னும் வரவில்லை. செய்முறை மதிப்பெண்ணும் அதோடுதான் தெரியும். அவள் நர்ஸிங்குக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாள். பரீட்சை முடிந்த திங்கள்கிழமையிலிருந்து, முடிவு வரும்வரை என்று சொல்லி, அக்காவோடு மில்லு வேனில் போகிறாள். என் தற்காலிக நியமன ஆணை ஏப்ரலோடு முடிந்தது. ஜூனில் கூப்பிடுவார்களா என்று கேட்டதற்குத் தலைமையாசிரியை, பார்க்கலாம் என்றார். பீரோக் கதவில் உள்ள அட்டையில் 3.16க்குப் பக்கத்தில் ‘ஒரு லிட்டருக்கு, நார்மாலிட்டி’ என்று எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். என் பட்டியலில் இப்போது இருபத்து நான்கு வரிகள்.